சென்னையின் முதல் மேயர் யாரு?

மேல ஒருத்தர் போட்டிருக்கார், சென்னையோட முதல் மேயர் மு.க.ஸ்டாலின்தான், அவருக்கு முன்னாடி அப்படி ஒரு பதவியே கிடையாதுன்னு. இதை நிறைய பேர் ஷேர் பண்றீங்க, அதான் சொல்றேன், தப்பா நினைக்காதீங்க.

1996 அக்டோபர் உள்ளாட்சித் தேர்தல்ல மக்கள் நேரடியா ஓட்டு போட்டு தேர்ந்தெடுத்த முதல் மேயர் அவர். "நேரடியா"ங்கிற அந்த ஒரு வார்த்தை விட்டுப்போனதுல மொத்த அர்த்தமும் மாறிடுச்சு. அதுக்கு முன்னாடி கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுப்பாங்க. 1933ல ராஜா சர் முத்தையா செட்டியார் மேயரா இருந்தார், 1956ல தாரா செரியன் வந்தாங்க, முதல் பெண் மேயர், அவங்களையெல்லாம் ஒரே வரியில இல்லைன்னு ஆக்குறது எனக்கு மனசுக்கு கஷ்டமா இருக்கு. இன்னும் பின்னாடி போனா 1688ல கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துல மாநகராட்சி ஆரம்பிச்சப்பவே நத்தானியேல் ஹிக்கின்சன்னு ஒரு மேயர் இருந்திருக்கார்.

இந்தக் குழப்பம் ஏன் வருதுன்னா 1973ல மாநகராட்சி மன்றத்தைக் கலைச்சதுக்கப்புறம் 1996 வரைக்கும் தேர்தலே நடக்கல, தனி அதிகாரிங்கதான் பார்த்துக்கிட்டாங்க, அதனால ஒரு தலைமுறைக்கே மேயர்னு ஒருத்தரைப் பார்த்த ஞாபகம் இல்ல.

சந்தேகம் இருந்தா சென்னை மாநகராட்சி வெப்சைட்ல வரலாறு பகுதியைப் படிங்க, இல்லன்னா ஏதாவது நல்ல லைப்ரரில 1996க்கு முந்தின பழைய பேப்பரை எடுத்துப் பாருங்க. பதிவு போட்டவர் "நேரடியா தேர்வான"னு சேர்த்து எடிட் பண்ணிட்டா போதும்.