ஒன்பது ஆண்டுகள் தட்டச்சு செய்த மண்

என் பிழைப்பே மண்தான். ஆனால் 9 ஆண்டுகளில் அதை ஒருமுறைகூடக் கையால் தொட்டதில்லை. சிங்கப்பூரில் கட்டடம் எழுப்பும் முன் நிலத்தில் துளையிட்டு மாதிரி எடுக்கும் நிறுவனம் ஒன்றில் எனக்கு அலுவலக வேலை. களத்திலிருந்து சேற்றுக் கைரேகையோடு தாள்கள் வரும். அவற்றைக் கணினியில் ஏற்றி, மீட்டர் மீட்டராகக் கட்டம் போட்டு, பொறியாளருக்கு அனுப்ப வேண்டும். ‘ஜி ஆறு’, ‘ஜி ஐந்து’ என்று எத்தனை ஆயிரம் முறை அடித்திருப்பேனோ! ஜி என்றால் புக்கிட் தீமா கிரானைட். எண் என்றால் ஏதோ தரம். எண் ஏற ஏறக் கல்லும் உசத்தி என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொள்ளுங்கள்.

அந்த வெட்கம் தாங்காமல்தான் சென்ற ஆண்டு ஒரு கல்லூரியின் மாலை வகுப்பில் நிலவியல் அடிப்படைப் பாடத்துக்குப் பெயர் கொடுத்தேன். “நிலவியலா? நிலாவைப் பற்றியா?” என்றார் மாமியார். உறவினர் ஒருவர், இந்த ஊரில் மலையே இல்லையே, எதைப் படிக்கப்போகிறாய் என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நம் நாட்டின் உச்சியான புக்கிட் தீமாவே 164 மீட்டரை முழுதாகத் தொடவில்லை. அதுவும் காட்டுக்குள் ஒளிந்திருக்கிறது.

பாடம் முடிந்துவிட்டது. தேர்ச்சியும் பெற்றுவிட்டேன். இப்போது என் குறையைச் சொல்லலாம்.

முதல் ஐந்து வாரம் திரையில் படங்கள். கிராண்ட் கேன்யன், ஹவாய் எரிமலை, ஐஸ்லாந்தின் நிலப்பிளவு. அழகான படங்கள்தான், அதில் சண்டை இல்லை. ஆனால் அந்த ஐந்து வாரத்தில் ஒரு கல்லைக்கூட நாங்கள் கையில் எடுக்கவில்லை. பெயர்கள், பெயர்கள், இன்னும் பெயர்கள். தேர்வும் நான்கு விடைகளில் ஒன்றுக்கு வட்டம் போடும் தேர்வு. என் பக்கத்தில் உட்கார்ந்த பையன் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் பற்றிய எல்லாக் கேள்விக்கும் சரியாக வட்டம் போட்டான். அவன் குடியிருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கான்கிரீட்டில் கலந்த ஜல்லியிலேயே அது இருக்கும் என்று சொன்னேன். நம்பவில்லை.

ஆறாவது வாரம் கனிமப் பெட்டி ஒன்று வந்தது. 1812இல் மோஸ் என்ற ஜெர்மானியர் வகுத்த கடினத்தன்மை வரிசை. எது எதைக் கீறும் என்பதுதான் கணக்கு. 1 டால்க், 10 வைரம். டால்க்கை நகத்தால் சுரண்டியதும் விரலில் ஒரு வழவழப்பு. இதை எங்கோ தொட்டிருக்கிறேனே! அம்மாவின் கல்சட்டி. டால்க் நிறைந்த மாக்கல்லில் கடைந்த சட்டி அது. வற்றல் குழம்பு கொதித்த பாத்திரத்திலேயே முதல் பாடம் கிடந்திருக்கிறது. மைக்கா என்று ஒட்டியிருந்த துண்டு, பாட்டி பொறுக்கிக் கொடுத்த காக்காப்பொன். குவார்ட்ஸ், ஊருக்குப் போகும்போதெல்லாம் இருட்டில் உரசிப் பொறி பார்த்த வெங்கச்சங்கல். ஒன்பதாவது கொரண்டம், அந்தப் பெயரே நம் குருந்தத்திலிருந்து போனதுதான். நம்மிடமிருந்து கப்பலேறிய சொல்லை நான் ஆங்கில உச்சரிப்பில் உருப்போட்டுக்கொண்டிருந்தேன்.

(உடனே லெமூரியாவையும் தூக்கிக்கொண்டு யாரும் வர வேண்டாம். அது 1864இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், லெமூர் இன விலங்குகள் மடகாஸ்கருக்கும் இந்தியாவுக்கும் எப்படிப் பொதுவாயின என்பதை விளக்க ஊகித்த நிலம். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்த பிறகு அந்த ஊகத்துக்கு வேலையில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதைச் சொல்லி இரண்டு சித்தப்பாக்களின் பகையைச் சம்பாதித்திருக்கிறேன்.)

அடுத்து வந்தது பாறைச் சிதைவு. நான் காத்திருந்த அத்தியாயம். என் ஜி ஆறு அங்கேதான் இருக்க வேண்டும். அத்தியாயமோ பாறை இடுக்கில் நீர் உறைந்து பனிக்கட்டியாகிப் பாறையைப் பிளப்பதில் தொடங்கியது. பனிக்கட்டி! வெளியே இடியோடு மழை கொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் மதிய இடைவேளையில் எங்கள் நிறுவனத்தின் பின்பக்கக் கொட்டகைக்குப் போனேன். 9 ஆண்டுகளில் முதல் முறை. அங்கேதான் கோர் பாக்ஸ்கள் அடுக்கியிருக்கும். துளையிலிருந்து எடுத்த உருளைகளை ஆழ வரிசைப்படி கிடத்திய பெட்டிகள். துளைபோடும் குழுவின் மூத்தவர் புதுக்கோட்டைக்காரர், என்னைத் தங்கச்சி என்பார். அண்ணன் ஒரே துளையின் மாதிரிகளை மேலிருந்து கீழாகப் பரப்பிக் காட்டினார். மேலே செம்மண், உருட்டினால் உருளும்: ஜி ஆறு. அதன் கீழே கிரானைட்டின் புள்ளிகள் அப்படியே தெரிந்தன, ஆனால் விரலால் நசுக்கினால் உதிர்ந்தன. அதற்கும் கீழே கல்லும் மண்ணுமாக ஒரு குழப்பம். 30 மீட்டரும் தாண்டித்தான் சாம்பல் நிற முழுக்கல், தட்டியதும் கணீரென்றது. ஜி ஒன்று.

20 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த பாறையை மழையும் வெக்கையும் மேலிருந்து தின்றுகொண்டே வருகின்றன. ஃபெல்ட்ஸ்பார் நீரோடு வினைபுரிந்து களிமண்ணாகிவிடும். குவார்ட்ஸ் மட்டும் பிடிவாதமாக மணலாக நிற்கும். கல்லுக்குப் பிறகுதான் மண் என்பது நம் மேடைப் பேச்சாளர்கள் அத்தனை பேருக்கும் மனப்பாடம். எனக்கு அந்தக் கொட்டகையில்தான் உறைத்தது. அண்ணன் ஊரில் அப்பாவோடு கிணறு வெட்டியவர். செம்மண், சுக்கான், உடைகல், பாறை என்று அவர் விரல் நீட்டிச் சொன்ன நான்கும் எங்கள் அறிக்கையின் ஆறு தரங்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன.

காலாங் வட்டாரத்து மாதிரிகள் பெட்டியில் கிடக்காது. குழாயில்தான் வரும், அத்தனை சேறு. மண் எவ்வளவு இறுக்கம் என்று அறிய, 63.5 கிலோ சுத்தியலை 760 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 300 மில்லிமீட்டர் இறங்க எத்தனை அடி என்று எண்ணுவார்கள். சிதைந்த கிரானைட்டில் ஐம்பது அடியும் போதாமல் போவதுண்டு. கடற்களிமண்ணில் பல நேரம் பூச்சியம்; கம்பிகளின் எடைக்கே இறங்கிவிடும். அந்தப் பூச்சியத்தை எழுத்துப் பிழை என்று எண்ணிக் களத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டு வாங்கியவள் நான்.

அந்தச் சேற்றின் நடுவில் கெட்டியான, செம்மை படர்ந்த களி ஓர் அடுக்கு வரும். அதன் கீழே மறுபடியும் சேறு. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் இன்றைக்கு விடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. இங்கிருந்து சுமத்ராவுக்கும் போர்னியோவுக்கும் கால் நனையாமல் போக நிலம் இருந்தது. வெளியே தெரிந்த பழைய கடலடிச் சேற்றின் மேற்பரப்பு வெயிலில் காய்ந்து, துருவேறி, இறுகிவிட்டது. கடல் திரும்பி வந்து அதன்மேல் புதுச் சேற்றைப் படியவிட்டது. என் தாளில் இவை வெறும் மூன்று கட்டங்கள்.

2004 ஏப்ரல் 20 அன்று எம்ஆர்டி ரயில் சுரங்கத்துக்காகத் தோண்டிய குழி இடிந்து, நிக்கல் நெடுஞ்சாலை சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். விசாரணை சுட்டிக்காட்டியது தற்காலிகத் தடுப்பமைப்பின் வடிவமைப்புக் கோளாறுகளை. ஆனால் அந்தத் தடுப்பு தாங்க வேண்டியிருந்தது இந்தச் சேற்றை. சிங்கப்பூரில் நிலவியல் கற்கும் ஒருவர் இதைக் கேட்காமலேயே தேர்ச்சி பெற்றுவிட முடிகிறது என்பதுதான் என் கோபம்.

களப்பயணம் இல்லாமல் இல்லை. இரண்டு மணி நேரம், புக்கிட் பாத்தோக்கின் குட்டி குய்லின். சீனத்துக் குய்லின் போலவே இருக்கிறது என்று எல்லாரும் படம் எடுத்தோம். அங்கே இருப்பது மழை கரைத்துச் செதுக்கிய சுண்ணாம்புக் கல். இங்கே இருப்பது பூமிக்குள் உறைந்த கரும்பாறையைக் கல்குவாரிக்காரர்கள் வெட்டிவிட்டுப் போன மிச்சம். இந்த வேறுபாடு ஒன்றே ஒரு வாரப் பாடம். யாரும் வாய் திறக்கவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

வகுப்புத் தோழி ஒருத்தி மறுத்தாள்: அடிப்படைப் பாடம் உலகத்துக்குப் பொதுவாகத்தான் இருக்க வேண்டும், உள்ளூரை மட்டும் வைத்துக்கொண்டு எரிமலையை எப்படிக் கற்பது? நியாயம்தான். நான் ஐஸ்லாந்தை விரட்டச் சொல்லவில்லை; வரிசையை மாற்றச் சொல்கிறேன். முதல் வகுப்பிலேயே ஒரு கோர் பாக்ஸை மேசைமேல் வையுங்கள். செம்மண்ணிலிருந்து கல் வரை மாணவன் தானே தொட்டுக்கொண்டு போகட்டும். ஏன் இப்படி என்று அவனே கேட்பான். அந்தக் கேள்விக்குப் பிறகு வரும் பெயர் மறக்காது. ஐஸ்லாந்து ஆறாவது வாரத்திலும் அங்கேயேதான் இருக்கும்.

இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்பவர்கள், எம்ஆர்டி சுரங்கம் தோண்டும் இடத்தையோ, சுமார் 150 மீட்டர் ஆழத்தில் எண்ணெய் சேமிக்கும் ஜூரோங் பாறைக் குகைகளையோ ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

தேர்வு முடிவு வந்த அன்று அண்ணனிடம் சொல்லப் போனேன். காலாங் பக்கம் ஒரு களத்தில் இருந்தார். மேலே வரும் அந்தச் சேற்றுக்கு எத்தனை வயது என்று படித்தாயா, தங்கச்சி, என்றார். 10,000 ஆண்டுக்குள்தான் அண்ணா, கீழே இருக்கும் சேறு லட்சம் ஆண்டையும் தாண்டும், கிரானைட்டோ கோடிக் கணக்கு என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

“அப்படியென்றால் இது இன்னும் பச்சை மண்” என்று சொல்லிவிட்டு, சுத்தியலை மேலே இழுத்தார்.