கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பரிசுத்தம் போய்விடுமா?

பிரதர், 'பிரிந்துபோய், அசுத்தமானதைத் தொடாதிருங்கள்' என்கிற 2 கொரிந்தியர் 6:17-ஐக் காட்டி, கிறிஸ்தவ விசுவாசி இந்து வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டாலே பரிசுத்தம் கெட்டுவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை.

அதே கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபம் (கடிதம்) 10:27-ஐப் பாருங்கள். அவிசுவாசி விருந்துக்குக் கூப்பிட்டு, உங்களுக்கும் போக மனமிருந்தால், வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடுங்கள் என்கிறார். விக்கிரகத்துக்குப் படைத்தது என்று யாராவது சொன்னால் மட்டும் வேண்டாம். அதுவும் சொன்னவருடைய மனச்சாட்சிக்காக. அதே நிருபம் 5:10-லோ, உலகத்தாரோடு பழகவே கூடாதென்றால் உலகத்தை விட்டே போகவேண்டியிருக்கும் என்று முடித்துவிடுகிறார்.

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஒரே படுகர் இனக் குடும்பத்தில் அண்ணன் படுகர்களின் தெய்வமான ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் போவார், தம்பி சர்ச்சுக்குப் போவார். உங்கள் கணக்குப்படி தம்பி யார் வீட்டில் சாப்பிடுவது? (வரி வசூலிக்கிற ஆயக்காரரோடு இயேசு பந்தியிருந்ததற்கும் இதே முணுமுணுப்புதான் வந்தது.)

'நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்' என்று பேதுரு எடுத்துச் சொல்வது லேவியராகமத்து வார்த்தை. அதன் 19-ஆம் அதிகாரத்தை முழுசாகப் படியுங்கள்: கூலியை விடியும்வரை நிறுத்திவைக்காதே, செவிடனைத் திட்டாதே, தராசில் ஏமாற்றாதே. தேயிலைக் கொழுந்து எடை போடும் இடத்தில் கிலோ கணக்கில் எடையைக் கழிக்கிற விசுவாசியைப் பற்றி உங்கள் பதிவில் ஒரு வரிகூட இல்லையே?