ஊட்டி கமிஷனரைக் கவுன்சிலர்கள் நீக்க முடியுமா?

"ஊட்டி நகராட்சிக் கமிஷனர் நகர்மன்றத்தின் சம்பளக்காரர்தான். 36 கவுன்சிலர்களும் சேர்ந்து தீர்மானம் போட்டால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பலாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

இப்படி ஒரு முறை இருப்பது உண்மைதான், ஆனால் அது அமெரிக்காவில். ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரம் 1914-இல் அதற்கு மாறியது. அங்கே மன்றம் கொள்கை வகுத்து, நிர்வாகத்துக்கு ஒரு மேலாளரை வேலைக்கு எடுக்கும். பிடிக்கவில்லையென்றால் மன்றமே அவரை அனுப்பிவிடும்.

நம் ஊரில் கமிஷனரை நியமிப்பதும் மாற்றுவதும் தமிழ்நாடு அரசு. அவர் அரசு அலுவலர். கவுன்சிலர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் மன்றத்துக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. காந்தலில் ஒரு சந்து, மழை வந்தால் சாக்கடை பொங்கி வாசற்படி வரை ஏறுகிறது என்று வையுங்கள். அந்தப் பிரச்சினையை வார்டு கவுன்சிலர் மன்றத்தில் எழுப்பலாம், வேலைக்குத் தீர்மானம் கேட்கலாம். தீர்மானம் நிறைவேறிய பிறகு டெண்டர், வேலை, பில் எல்லாம் கமிஷனரும் பொறியாளர்களும் பார்க்க வேண்டியவை. மன்றத் தீர்மானத்தையே ரத்து செய்யும் அதிகாரமும் அரசுக்கு உண்டு, அது எனக்கு உறுத்தலான விஷயம்.

2016 அக்டோபர் முதல் 2022 தேர்தல் வரை மன்றமே இல்லாமல் தனி அலுவலர்தான் நகராட்சியை நடத்தினார். அப்போது அந்தச் சந்துக்காரர்கள் கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை.