ஏழாந்தேதி இலைக்கு மட்டும் காசு

2023 ஜூலை 18ஆம் தேதி காலை, கோத்தகிரிக்குப் பக்கத்தில் நான் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்திருந்த தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்துக்குச் சிறு விவசாயி ஒருவர் தம் சட்டைப்பை நோட்டுடன் வந்தார். “தம்பி, நாலாந்தேதி 62 கிலோ, ஏழாந்தேதி 48, பத்தாந்தேதி 71 போட்டிருக்கேன். உங்க சீட்டுல ஏழாந்தேதி இலை மட்டும்தான் இருக்கு. மத்த ரெண்டு நாள் இலை எங்க போச்சு?” என்று கேட்டார். எடை எழுதும் பையன் விட்டிருப்பான் என்றுதான் முதலில் நினைத்தேன். மதியத்துக்குள் இன்னும் ஆறு பேர் வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் ஜூலை முதல் பன்னிரண்டு நாட்களின் இலை கணக்கில் இல்லை. ஏழாந்தேதி கொடுத்தவர்களுக்கு அந்த ஒரு நாள் மட்டும் சரியாக இருந்தது.

பிழை என்னுடையது. அது எங்கே இருந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு, ஏனென்றால் இன்றும் இங்கே வீட்டிலிருந்தபடி நிரல் எழுதும் இளைஞர்கள் பலர், சோதித்தது ஒன்று, தானாக ஓடுவது வேறொன்று என்று விட்டுவிடும் அதே பழக்கத்தில் இருப்பதைப் பார்க்கிறேன்.

அந்தத் தொழிற்சாலையில் இலைக் கணக்கு 16ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 15ஆம் தேதி முடியும். ஒவ்வொரு நாளின் எடையும் நாள்-மாதம்-ஆண்டு என்ற வரிசையில் ஒரு கோப்பில் சேரும். அதைப் படித்துக் கூட்ட நான் பைத்தான் மொழியில் நிரல் எழுதி, திட்டத்துக்கென்று தனி மெய்நிகர் சூழல் ஒன்றை (அந்தத் திட்டத்துக்கான பைத்தானும் லைப்ரரிகளும் மட்டும் இருக்கும் தனி இடம்) உருவாக்கி, அதில் அட்டவணைத் தரவைக் கையாளும் பாண்டாஸ் லைப்ரரியின் புதிய 2.0 வரிசைப் பதிப்பை நிறுவியிருந்தேன். அலுவலகக் கணினியிலேயே அமர்ந்து, சூழலை ‘ஆக்டிவேட்’ செய்து, முந்தைய மாதக் கோப்பை வைத்துச் சோதித்தபோது கிலோ பிசகாமல் கணக்கு வந்தது. பிறகு கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் ஓடிய அதே வரியை, ‘பைத்தான்3’ என்று தொடங்கும் வரியை, அப்படியே நகலெடுத்து, குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானில் ஒட்டினேன். மாதம்தோறும் 16ஆம் தேதி இரவு தானாக ஓட வேண்டும் என்பது ஏற்பாடு.

வரி ஒன்றுதான், ஆனால் அது கூப்பிட்ட பைத்தான் வேறு. ‘ஆக்டிவேட்’ செய்வதில் மாயம் எதுவும் இல்லை: அது முக்கியமாகச் செய்வதெல்லாம், கட்டளைகளைத் தேட வேண்டிய அடைவுகளின் (ஃபோல்டர்களின்) பட்டியலான ‘பாத்’ மாறியில் நம் சூழலின் அடைவை முதலிடத்தில் நுழைப்பதுதான். அந்த மாற்றம் அந்த ஒரு டெர்மினல் சாளரத்தோடு முடிந்துவிடும். கிரானுக்கு என் சாளரமும் தெரியாது, நான் அதில் என்ன செய்துவைத்தேன் என்பதும் தெரியாது. அந்தக் கணினியின் இயங்குதளமான உபுண்டுவில் வழக்கமாக இரண்டே அடைவுகள் கொண்ட குட்டையான பட்டியலோடுதான் அது எழுந்திருக்கும். ஆகவே அன்றிரவு என் நிரலை ஓட்டியது இயங்குதளத்தோடு வந்த பைத்தான். அதற்குப் பாண்டாஸ் கிடைக்காமல் போயிருந்தால் நிரல் முதல் வரியிலேயே விழுந்திருக்கும், மறுநாள் காலையில் சீட்டே அச்சாகியிருக்காது, எனக்கு ஒரு தொலைபேசி அழைப்போடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் எனக்கு முன்னால் அந்தக் கணினியில் வேலை செய்த யாரோ உபுண்டு 22.04இன் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து பாண்டாஸை நிறுவிவைத்திருந்தார்கள். அது 1.3.5 பதிப்பு.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் சொல்ல வேண்டும். 2023 ஏப்ரலில் வந்த பாண்டாஸ் 2.0, தேதிகளைப் படிக்கும் முறையை மாற்றியது. புதிய முறையில், நாம் வடிவம் எதையும் சொல்லாவிட்டால், முதல் தேதியைப் பார்த்து வடிவத்தை ஊகித்து, அதையே மீதித் தேதிகள் அனைத்துக்கும் அது பின்பற்றும். எங்கள் கோப்பின் முதல் தேதி எப்போதும் 16. பதினாறாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் முதலில் வருவது நாள்தான் என்று அது சரியாக ஊகித்துக்கொள்ளும். பழைய பதிப்போ ஒவ்வொரு தேதியையும் தனித்தனியாகப் பார்த்து, முடிந்தவரை அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் வைத்துப் படிக்கும், முடியாதபோது மட்டும் புரட்டிக்கொள்ளும். ஜூன் 16 முதல் 30 வரை அதற்கும் சிக்கல் இல்லை. ஜூலை 4ஐ ஏப்ரல் 7 என்றும், ஜூலை 10ஐ அக்டோபர் 7 என்றும் படித்தது. அவை கணக்குக் காலத்துக்கு வெளியே இருந்ததால் என் நிரல் அவற்றைச் சத்தமில்லாமல் கழித்துவிட்டது. ஜூலை 13 முதல் 15 வரை மறுபடியும் சரி. எப்படிப் புரட்டினாலும் மாறாத ஒரே தேதி 7-7. முப்பது நாள் கணக்கில் பதினொரு நாள் இலை போயிற்று, ஒரு பிழைச்செய்திகூட வரவில்லை.

தேதி வடிவத்தை நிரலில் வெளிப்படையாக எழுதியிருந்தால் எந்தப் பதிப்பிலும் இது நடந்திருக்காதே என்று இதைப் படிக்கும் நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சோதனையின்போது பாண்டாஸ் அதைப் பற்றி ஓர் எச்சரிக்கையே காட்டியது. கணக்கு சரியாக வருகிறதே என்று நான்தான் கண்டுகொள்ளவில்லை. ஆனால் அந்தப் பிழையைத் திருத்தியதோடு நான் நிறுத்திக்கொண்டிருந்தால் அடுத்தது வேறொரு லைப்ரரியில் வெடித்திருக்கும். நான் ஒன்றைச் சோதித்தேன், கிரான் வேறொன்றை ஓட்டியது. அப்படியிருக்க என் சோதனைக்கு என்ன மதிப்பு?

எனவே என் கருத்து இதுதான்: ஒரு திட்டத்துக்குச் சார்புகளை (அது நம்பியிருக்கும் லைப்ரரிகளை) நிர்வகிக்கும் கருவி இருக்குமானால், அந்தத் திட்டத்தின் எந்தக் கட்டளையையும், சோதனையோ தரவுத்தள மாற்றமோ இரவு வேலையோ எதுவானாலும், அந்தக் கருவியின் வழியாகவே ஓட்ட வேண்டும். ரூபி மொழிக்காரர்கள் ‘பண்டில் எக்ஸெக்’ என்று ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் சலிக்காமல் எழுதுவதைப் பார்த்து நான் முன்பு சிரித்ததுண்டு. அந்தச் சொற்கள், பூட்டுக் கோப்பில், அதாவது ஒவ்வொரு லைப்ரரியின் துல்லியமான பதிப்பையும் பதிந்துவைக்கும் கோப்பில், குறித்துள்ள பதிப்புகளை மட்டுமே இந்தக் கட்டளை பார்க்கட்டும் என்று அந்த வரியிலேயே எழுதிவைக்கின்றன. பைத்தானில் பொயட்ரி, யூவி என்ற அதேபோன்ற கருவிகளின் ‘பொயட்ரி ரன்’, ‘யூவி ரன்’ ஆகியவை செய்வதும் ஏறக்குறைய அதுவே. ‘ஆக்டிவேட்’ செய்தோமா என்பது நம் நினைவிலும் ஒரு சாளரத்திலும் இருக்கும் செய்தி. ‘ரன்’ என்பது கட்டளையோடு சேர்ந்தே பயணிக்கும். கிரானில் ஒட்டினாலும், கட்டபெட்டுவில் இருக்கும் சக ஊழியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும், அது கூடவே போகும். பொயட்ரியும் 2025இல் வந்த 2.0 பதிப்பில், சூழலுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும் ‘ஷெல்’ கட்டளையைத் தன் உடலிலிருந்து கழற்றித் தனிச் செருகுநிரலாக வைத்துவிட்டது.

தட்டச்சு கூடுகிறது என்ற புகாரை நான் பொருட்படுத்துவதில்லை. சூழலின் அடைவுக்குள் இருக்கும் பைத்தானை முழுப் பாதையோடு எழுதினால் போதாதா என்றால், போதும்; 2012இல் பைத்தான் 3.3 தன்னோடு மெய்நிகர் சூழலைக் கொண்டுவந்த நாளிலிருந்து அது ஒழுங்காக வேலை செய்கிறது. ஒரே குறை, அந்தச் சூழலில் இருப்பவை பூட்டுக் கோப்பில் உள்ளவைதாமா என்று அது பார்க்காது. ‘பொயட்ரி ரன்’னும் பார்ப்பதில்லை. ‘யூவி ரன்’ பார்க்கும், வேறுபாடு இருந்தால் சரிசெய்துவிட்டே ஓட்டும். நான் அதற்கு மாறியதற்கு அதுவே காரணம்.

அந்த நல்ல குணமே இந்த மலையில் சில நாள் வினையாகும். ஐப்பசி மழையில் மரம் விழுந்து ஃபைபர் கம்பி அறுந்தால் இரண்டு நாளைக்கு இணையம் இருக்காது. அப்படியொரு இரவில் கருவி எதையாவது பதிவிறக்க முயன்றால் கணக்கு நின்றுவிடும். அதனால் கிரான் வரியில் மட்டும் ‘நோ-சிங்க்’ என்ற தெரிவைச் சேர்த்து, இருக்கும் சூழலைத் தொடாமல் ஓடச் செய்கிறேன். சூழலைச் சரிசெய்யும் வேலையைப் பகலில், நான் பக்கத்தில் இருக்கும்போது, தனியாகச் செய்கிறேன். இன்னும் இரண்டு விஷயங்களில் அடிபட்டுத்தான் கற்றேன். யூவி வழக்கமாக நிறுவப்படுவது பயனரின் சொந்த அடைவில் என்பதால் கிரானுக்கு அதுவும் கண்ணில் படாது, அதன் முழுப் பாதையை எழுத வேண்டும். மேலும் கிரான் தொடங்குவது வீட்டு அடைவில். திட்டம் எது என்று யூவி தேடுவதோ நிற்கும் அடைவிலிருந்து மேல்நோக்கி. திட்டத்தின் அடைவையும் வரியிலேயே குறிப்பிடாவிட்டால் பழைய கதைதான்.

டெபியன் 12, உபுண்டு 23.04 ஆகிய இயங்குதளப் பதிப்புகளிலிருந்து, இயங்குதளத்தின் பைத்தானில், லைப்ரரிகளை நிறுவும் ‘பிப்’ கருவியைக் கொண்டு எதையும் நிறுவ முயன்றால் அது மறுத்துவிடும். மறுப்பை மீற ஒரு தெரிவு உண்டு. அதன் பெயரே ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’, அதாவது ‘இயங்குதளத்தின் பொதிகளை உடை’. அந்தப் பெயரை முழுவதுமாகத் தட்டச்சு செய்துவிட்டு, ‘அண்ணா, இப்ப ஓடுது’ என்று எனக்குச் செய்தி அனுப்பியவர்கள் இருக்கிறார்கள்.

விடுபட்ட இலைக் காசு அன்று மாலையே கொடுக்கப்பட்டது. நோட்டுக்காரர் வாங்கி எண்ணிவிட்டு, ஜூன் மாதச் சீட்டையும் கேட்டு வாங்கி, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

இதை எழுதுவதற்காக நேற்று அந்தக் கணினியின் கிரான் பட்டியலைத் திறந்தேன். எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன் என்றே நினைத்திருந்தேன். காப்புப்பிரதி எடுக்கும் வரி இன்னும் ‘பைத்தான்3’ என்றுதான் தொடங்குகிறது.