வண்டியை உயர்த்தும் முன் அதன் அடிவயிற்றைப் பாருங்கள்

கரடுமுரடான பாதையில் ஓட்ட ஆரம்பிக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரிய டயரைப் பற்றி, இல்லையென்றால் வண்டியை உயர்த்த மாட்டும் லிஃப்ட் கிட்டைப் பற்றி, அதுவும் இல்லையென்றால் கூரையில் மாட்டும் விளக்கைப் பற்றி. வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது, அதை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. எனக்கு இது உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கல் நிறைந்த பாதையில் போகப் போகிறீர்கள் என்றால் முதல் செலவு அடிப்பாகத்துக்குத் தகடு போடுவதாகத்தான் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

எனக்கு இது புரிந்தது ஒரு காய்ந்த ஓடையில். வேகமெல்லாம் இல்லை, ஆள் நடக்கிற வேகம்தான். குறுக்கே பலகை மாதிரி தட்டையான ஒரு கல் கிடந்தது, உயரமும் அதிகமில்லை, தாராளமாகத் தாண்டிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் அது மண்ணில் பதிந்த கல் இல்லை, சும்மா மேலே கிடந்த கல். முன் டயர் ஒரு ஓரத்தை மிதித்ததும் மறு ஓரம் அப்படியே எழும்பி நின்றுவிட்டது. டங் என்று ஒரே ஒரு சத்தம். இறங்கிப் படுத்துப் பார்த்தால், என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும் சம்ப்பில், வடிகால் போல்ட்டுக்குப் பக்கத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு விரிசல், அதிலிருந்து நூல் பிடித்த மாதிரி ஆயில் இறங்கி வெள்ளைக் கூழாங்கற்கள்மேல் கறுப்பாகப் பரவிக்கொண்டிருந்தது. உடனே என்ஜினை அணைத்ததால் என்ஜின் பிழைத்தது. ஆயில் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடினாலே பேரிங் போய்விடும், அப்புறம் மொத்த என்ஜினையும் பிரிக்க வேண்டியதுதான். எனக்குச் சம்ப்பை மாற்றுவதோடும் வண்டியைக் கட்டி இழுத்து வருவதோடும் முடிந்தது.

அடியில் ஏற்கனவே ஒரு மூடி இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது, அது பிளாஸ்டிக். பல வண்டிகளில் தயாரிக்கும்போதே மாட்டி வருகிற அந்தக் கறுப்பு மூடி தண்ணீரும் சேறும் தெறிக்காமல் இருக்கவும் காற்று தடையில்லாமல் போகவும் வைத்தது, கல்லைத் தாங்க வைத்தது இல்லை. அதே மாதிரிதான் அடிப்பாகத்துக்கு அடிக்கிற ரப்பர் பூச்சும். துருவுக்கும் டயர் தெறிக்கும் பொடிக்கல்லுக்கும் அது உதவும், சரி. இரண்டு டன் வண்டி ஒரு கல்லின்மேல் இறங்கி உட்காரும்போது பூச்சு என்ன செய்யும்? ஏற்கனவே துரு பிடித்த இடத்தின்மேல் அடித்துவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கி இன்னும் மோசமாகும்.

சரி, எந்தத் தகடு? இரும்பா அலுமினியமா என்று எல்லோரும் சண்டை போடுகிற விஷயம் இது. கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் 4 மில்லிமீட்டர் இரும்புத் தகடு சுமார் 31 கிலோ, அதே பரப்பில் 6 மில்லிமீட்டர் அலுமினியம் சுமார் 16 கிலோ. என்ஜின், கியர் பாக்ஸ், முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், பெட்ரோல் டேங்க் என்று எல்லாவற்றுக்கும் போட்டால் அந்த வித்தியாசம் சஸ்பென்ஷனில் தெரியும். ஆனால் கல்லின்மேல் உரசும்போது இரும்பு வழுக்கிக்கொண்டு போகும், அலுமினியம் மென்மை என்பதால் கல் அதில் பள்ளம் போட்டுக் கவ்விப் பிடிக்கும். வளைந்த இரும்பை அடித்து நிமிர்த்திவிடலாம், அலுமினியத்தைத் திரும்பத் திரும்ப வளைத்தால் விரிசல் விடும். நீண்ட பயணம் அதிகம், கல் எப்போதாவதுதான் என்றால் அலுமினியம் போதும். கல்லிலேயே ஏறி இறங்குகிறவர் என்றால் என் ஓட்டு இரும்புக்குத்தான்.

தகட்டைவிட அது எங்கே, எப்படி மாட்டப்படுகிறது என்பதுதான் எனக்கு முக்கியம், கடையில் இதை யாரும் விளக்குவதில்லை. போல்ட் சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், இறங்க வேண்டும். மெல்லிய பிராக்கெட்டில் தொங்குகிற தகடு முதல் அடியிலேயே மடங்கிச் சம்ப்பை அழுத்தும், அப்புறம் அது இருந்து என்ன பயன்? தகட்டுக்கும் சம்ப்புக்கும் நடுவில் இடைவெளி வேண்டும், ஏனென்றால் எவ்வளவு தடிமனான தகடும் அடிபடும்போது கொஞ்சம் உள்ளே வளையும். ஒன்றுக்கு மேல் தகடு இருந்தால் ஓடு வேய்ந்த மாதிரி, முன் தகட்டின் பின் ஓரம் அடுத்த தகட்டின் முன் ஓரத்துக்குக் கீழே வர வேண்டும். மாறி இருந்தால் கல் அந்த இடுக்கில் மாட்டிக்கொள்ளும். போல்ட் தலை வெளியே துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது, கல் அதைச் சீவிவிட்டால் பிறகு தகட்டைக் கழற்றவே முடியாது. ஆயில் மாற்ற ஒரு துளை, சேறு வழிய சில துளைகள், இவையும் வேண்டும். தகட்டுக்கும் புகைக்குழாய்க்கும் இடையில் காய்ந்த புல் சேர்ந்தால் தீப்பிடிக்கும், இதை மட்டும் அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது லிஃப்ட் கிட்டுக்கு வருகிறேன். வண்டியை 2 அங்குலம் தூக்கினால் பாடியும் சேஸிஸும்தான் உயரும், இரண்டு பக்கச் சக்கரத்தையும் ஒரே தண்டாக இணைக்கும் முழு ஆக்சில் உள்ள வண்டியில், அந்த ஆக்சிலில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) இருந்த இடத்திலேயேதான் இருக்கும். அதை உயர்த்துவது பெரிய டயர்தான், அதுவும் டயரின் விட்டம் கூடியதில் பாதிதான். வயிறு தட்டுமா என்பதையும் தரை இடைவெளி மட்டும் சொல்லாது. சுசுகி ஜிம்னியை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று கதவு வண்டிக்கும் ஐந்து கதவு வண்டிக்கும் தரை இடைவெளி ஒரே 210 மில்லிமீட்டர். ஆனால் முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே உள்ள நீளம் 2250 மில்லிமீட்டரிலிருந்து 2590 ஆகும்போது, மேட்டின் உச்சியில் வயிறு தட்டாமல் தாண்டுகிற கோணம் 28 டிகிரியிலிருந்து 24-க்கு இறங்கிவிடுகிறது. நீளமான வண்டி வைத்திருப்பவர்கள் நடுப்பகுதிக்கும் தகடு போட வேண்டியது இதனால்தான்.

நடுப்பகுதி என்றதும் பக்கவாட்டையும் சொல்ல வேண்டும். கதவுக்குக் கீழே உள்ள விளிம்பு கல்லில் உட்கார்ந்துவிட்டால் கதவே திறக்காது. அதற்குத்தான் ராக் ஸ்லைடர், அந்த விளிம்பைக் காக்க ஓரத்தில் நீளமாக மாட்டுகிற உறுதியான குழாய். ஏறி இறங்க மாட்டுகிற ஃபுட்போர்டை ஸ்லைடர் என்று நம்பாதீர்கள், அது மடங்கிக் கதவையும் சேர்த்து நசுக்கும். வித்தியாசம் தெரிய ஒரு வழி உண்டு: நல்ல ஸ்லைடருக்குக் கீழே ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கலாம், ஃபுட்போர்டில் அது முடியாது.

இவ்வளவும் போட்டபிறகும் ஓட்டுவது மெதுவாகத்தான். கல்லை இரண்டு டயருக்கும் நடுவில் விடாதீர்கள், டயரை அதன்மேல் ஏற்றுங்கள். வண்டியிலேயே உறுதியான இடம் டயர்தான், அது ஏறும்போது வயிறும் சேர்ந்து மேலே போகும். ஆனால் ஏறும் முன் அந்தக் கல் ஆடுகிறதா என்று இறங்கிக் காலால் தள்ளிப் பாருங்கள், நான் அன்றைக்குச் செய்யாமல் விட்டது இதைத்தான். பல வண்டிகளில் முன் டிஃபரன்ஷியல் நடுவில் இருக்காது, ஒரு பக்கம் தள்ளி இருக்கும், உங்கள் வண்டியில் அது எந்தப் பக்கம் என்று வீட்டிலேயே படுத்துப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கி நின்று கை காட்ட ஒருவர் கூட இருந்தால் இன்னும் நல்லது.

ஒவ்வொரு பயணம் முடிந்ததும் டார்ச்சோடு அடியில் போய்ப் படுத்துவிடுவேன். போல்ட் தளர்ந்திருக்கிறதா, சேறு அடைத்திருக்கிறதா, எங்கே புதுக் கீறல் விழுந்திருக்கிறது என்று பார்ப்பேன். இப்போது என் முன் தகட்டில் பெயின்ட் பாதிகூட இல்லை. இடது பக்கம் உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி, கையை வைத்து அளந்து பார்த்தேன், சரியாகச் சம்ப்பின் வடிகால் போல்ட்டுக்கு நேர் கீழே.