கத்தி மழுங்கல, நீங்கதான் மடிச்சு வச்சிருக்கீங்க

தக்காளிய வெட்டுதாங்களா பிதுக்குதாங்களான்னே தெரியல. அழுத்துன அழுத்துல விதையும் சாறும் மேடையெல்லாம் ஓடுது, தோலு மட்டும் அப்படியே நிக்கி. உடனே தீர்ப்பு: "இந்தக் கத்தி சரியில்ல, சவத்தத் தூக்கிப் போடு, புதுசு வாங்கு." திருநெல்வேலின்னாலே சினிமாக்காரன் ஆளுக்கொரு அரிவாளக் கையில குடுத்துருதான். இங்க அடுப்பங்கரைக்குள்ள வந்து பாக்கட்டும். சொதிக்கு பீன்ஸ நறுக்கத் துப்பில்லாத கத்திதான் வீட்டுக்கு வீடு கெடக்கு.

ஏங்க, கத்தி மழுங்குறதுன்னா என்னன்னு ஒருக்கா கவனிச்சுப் பாத்திருக்கீங்களா? கத்தி வாயோட நுனி தலைமுடியவிட மெல்லிசு. அவ்வளவு மெல்லிசா இருக்குறதாலதான் வெட்டுது. வெட்ட வெட்ட அந்த நுனி தேஞ்சு போறதுக்கு முன்னால ஒரு பக்கமா சாஞ்சு மடியும், நோட்டுப் புஸ்தகத்து மூலை மடிஞ்ச மாதிரி. கூர் போயிரல, பக்கவாட்டுல திரும்பி நிக்கி. அத நிமித்துறதுக்குத்தான் கத்தி தீட்டன்னு கைப்பிடி போட்டு விக்கிற அந்த நீளக் கம்பி, ஸ்டீல் ராடு. அரை நிமிஷ வேலை. அதுக்குப் புதுக் கத்தியாம்!

மடிஞ்சிருக்கான்னு பாக்கவும் வழி இருக்கு. வாய மேல பாத்து வச்சு டியூப்லைட் வெளிச்சத்துல பிடிங்க. கூரான வாய் கண்ணுக்கே தெரியாது. அங்கங்க வெள்ளையா மின்னுச்சுன்னா அந்த எடமெல்லாம் மடிஞ்சோ தட்டையாவோ இருக்கு. கட்டைவிரல் நகத்து மேல எடையே குடுக்காம சாய்வா வச்சுப் பாருங்க. பிடிச்சு நின்னா கூர், வழுக்குனா போச்சு. விரலால வாய் நீளத்துக்குத் தடவிப் பாக்குற வேலை மட்டும் வேண்டாம்.

சரி, ஏன் இவ்வளவு சீக்கிரம் மடியுது? மேடையப் பாருங்க. பளபளன்னு கருங்கல் போட்டாச்சு, நல்லாத்தான் இருக்கு. அதுமேலயே நேரா வெங்காயத்த வச்சு டக்கு டக்குன்னு வெட்டுதீங்களே, அந்தக் கல்லுல குவார்ட்ஸ்னு ஒரு கனிமம் இருக்கு. கத்தி எஃகவிட அது கடினம். ஒவ்வொரு வெட்டுக்கும் வாய் போய் கல்லுல மோதுது. கொஞ்சம் வெவரமானவங்க எவர்சில்வர் தட்டுல வச்சு வெட்டுதாங்க, அதுவும் அதே கதைதான். இப்பம் புதுசா கண்ணாடிப் பலகை வேற வந்திருக்கு. அதச் செஞ்சவன் வாழ்நாள்ல காயே வெட்டியிருக்க மாட்டான். கறிக்கடையில ஏன் புளியங்கட்டை போட்டு வச்சிருக்காங்கன்னு யோசிச்சீங்களா? மரம் கொஞ்சம் உள்வாங்கும், வாய் தப்பிக்கும். வீட்டுக்கு ஒரு மரப்பலகை, இல்லன்னா தடிச்ச பிளாஸ்டிக் பலகை போதும். நழுவாம இருக்க அடியில ஈரத்துணி.

பலகை வாங்குன பொறவும் அடங்க மாட்டாங்க. நறுக்குன காயக் கத்தி வாயாலயே வழிச்சுச் சட்டியில தள்ளுறது. அப்படி வழிச்சா மெல்லிசு நுனி பக்கவாட்டுல சாயாம என்ன செய்யும்? கத்தியத் திருப்பி முதுகால வழிக்கணும், ஒரு நொடிகூட ஆகாது. பொறவு தேங்காய நெம்புறது, கருவாட்டுத் தலையப் பொளக்குறது, பிரிட்ஜுல கல்லாட்டம் இருக்குற கறியக் குத்துறது. கடைசியா சிங்க்குல பாத்திரத்தோட பாத்திரமாப் போட்டு, இரும்பு நார வச்சு வாயையே பறக்கப் பறக்கத் தேய்க்கிறது.

இனி ராடுக்கு வாரேன். வயித்தெரிச்சலே இங்கதான். வாங்கி வச்சிருக்கவங்க போன்ல எவனோ சமையக்காரன் ரெண்டு கையையும் ஆட்டி சர்ரு சர்ருன்னு உரசுறதப் பாத்துட்டு அதேமாதிரி உரசுதாங்க. வேகத்துக்கும் கூருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. கோணமும் அழுத்தமும்தான் கணக்கு.

பலகையில மடிச்ச துணியப் போட்டு ராடோட நுனிய அதுமேல ஊனுங்க, நட்டுக்குத்தலா. கத்திய ராடுக்குக் குறுக்கா வச்சா 90 டிகிரி. அதுல பாதி 45, அதுலயும் பாதி இருபத்திரண்டரை. அதவிட ஒரு இணுக்குச் சாச்சா 20. நம்ம ஊர்ல கிடைக்கிற சாதாக் கத்திக்கு அதுதான் அளவு. கைப்பிடி பக்கத்து அடிவாய ராடோட உச்சியில வச்சு, கீழே இறக்கிக்கிட்டே உங்க பக்கமா இழுங்க. கீழ வரும்போது கத்தியோட முன்முனை ராடுல இருக்கணும். ஒரு இழுப்பு இந்தப் பக்கம், ஒரு இழுப்பு அந்தப் பக்கம், மாத்தி மாத்தி. பக்கத்துக்கு நாலு, மிஞ்சிப்போனா ஆறு. கத்தியோட சொந்த எடையே போதும். அமுக்குனா மடிப்பு நிமிராது, இன்னொரு பக்கமா மடியும். இப்படியும் அப்படியுமா வளைச்சா நுனி ஒடிஞ்சு உதிரத்தான் செய்யும். கோணம் சரியா வருதான்னு சந்தேகமா? வாயோரத்துல மார்க்கரால கறுப்பு பூசி ரெண்டு இழுப்பு இழுங்க. கறுப்பு மேல்பக்கம் மட்டும் அழிஞ்சா ரொம்பப் படுக்க வச்சிருக்கீங்க, ராடு வாயோட நுனியத் தொடவே இல்ல. நுனியில மட்டும் மயிரிழை அளவு அழிஞ்சா ரொம்ப நிமித்திட்டீங்க, கூரையே உருட்டி விடுதீங்க.

ராடு நீளம் கத்தி வாயவிடக் கொஞ்சம் கூட இருக்கணும். 8 இஞ்ச் கத்திக்கு 10 இஞ்ச் ராடு. கத்தியவிட ராடு கடினமாவும் இருக்கணும். சாதா எஃகுக் கத்தி, கடினத்த அளக்குற ராக்வெல் கணக்குல 54லருந்து 58 வரைக்கும் வரும், அதுக்கு இந்த ராடு போதும். 60க்கு மேல உள்ள ஜப்பான் கத்திய வரி போட்ட ஸ்டீல் ராடுல உரசாதீங்க, வாய் மடியாது, பொடுக்குன்னு சில்லு பேந்துரும். அதுக்குப் பீங்கான் ராடு. வைர ராடுன்னு ஒண்ணு விக்காங்க. அது நிமித்துறதில்ல, அரம் மாதிரி அராவி எடுக்கும், தினமும் போட்டா கத்தியே காணாமப் போகும்.

பாத்திரக்கடை அண்ணாச்சி "ரெண்டு இழுப்புல புதுக்கத்தி ஆயிரும்"னு சொல்லி வித்துருதாரு. நிமித்தத்தானே முடியும், தேஞ்சு உருண்டு போன வாய்க்கு ராடு என்ன செய்யும்? பத்து இழுப்புக்குப் பொறவும் தக்காளித் தோல்ல வழுக்குச்சுன்னா கல்லுதான். ஹார்டுவேர் கடையில ஒரு பக்கம் சொரசொரப்பாவும் மறுபக்கம் மெல்லிசாவும் உள்ள கார்பரண்டம் கல் கிடைக்கும். தண்ணியில பத்து நிமிஷம் ஊறட்டும். சொரசொரப்புப் பக்கத்துல, அதே 20 டிகிரியில கத்தியோட ஒரு பக்கமே தேய்ச்சு, கத்தியோட மறுபக்கம் அடியிலருந்து நுனி வரைக்கும் பிசிர், அதாவது வாயோரத்துல சுருண்டு நிக்கிற மெல்லிசு இரும்பு, தட்டுப்படுற வரைக்கும் விடாதீங்க. பாதி எடத்துல பிசிர் வராம திருப்புறதாலதான் பாதிக் கத்தி வெட்டும், பாதி வெட்டாது. பிசிர் வந்த பொறவு மறுபக்கம். கடைசியில கல்லோட மெல்லிசு பக்கத்துல எடையில்லாம ரெண்டு, மூணு தடவ, பொறவு ராடு. மூணு நாலு மாசத்துக்கு ஒருக்கா இது போதும். ராடு சமைக்கப் போகும்போதெல்லாம்.

கல்லும் இல்லையா? பழைய ஊறுகா ஜாடியக் கவுத்துங்க. அடியில பளபளப்புப் பூசாத சொரசொரப்பான வளையம் இருக்கும்லா, அதுல தேய்ங்க. பீங்கான் ராடு செய்யுற வேலையக் கிட்டத்தட்ட அதுவே செய்யும். வீட்டுல சும்மா கெடக்கு, ஒருத்தரும் தொடுறதில்ல.

தெருவுல சாணைக்காரர் வந்தா கூப்புடுங்க, நல்ல வேலைதான். ஆனா தீப்பொறி பறக்கப் பறக்க அமுக்கிப் பிடிக்கிறத வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்காதீங்க. ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணியில முக்கச் சொல்லுங்க. இரும்புக் கத்தி வாயோரம் நீலமா மாறிருச்சுன்னா சூடு 300 டிகிரி பக்கம் போயிருச்சு, அந்த எடத்துல பதம் போச்சு. அன்னைக்கு நல்லா வெட்டும், ஒரு வாரத்துல மறுபடி மொன்னை. அந்த நீலத்த முழுசா அராவி எடுத்தாத்தான் உண்டு.

அருவாமனைக்கும் இதேதான். கத்தி அசையாது, கல்லுதான் அசையணும். கூருக்கு எதிர்ல உக்காராம முதுகுப் பக்கம் உக்காந்து, கல்ல வெளிப்பக்கமாத் தள்ளுங்க. மாங்கா, எலுமிச்சை வெட்டுனா உடனே கழுவித் தொடைக்கணும், புளிப்பு முதல்ல அரிக்கிறது அந்த மெல்லிசு வாயத்தான். உவரி பக்கத்துக் கடக்கரைக்காரங்க ரெண்டு சொட்டுத் தேங்காண்ணெயும் தடவி வைங்க, உப்புக்காத்து விட்டு வைக்காது.

தீட்டுன கையோட கத்தியத் தொடைக்காம அப்படியே வெள்ளரிக்காய வெட்டி பிள்ளைக்குக் குடுக்காதீங்க. கத்தி வாயில இரும்புத் தூள் ஒட்டிருக்கும். ஈரத்துணியால முதுகுலருந்து வாய் பக்கமா ஒரு வழி வழிச்சுட்டு, பொறவு வெட்டுங்க.