அரிசிக் கஞ்சியையும் சந்தேகப்படுங்கள்

குழந்தைக்கு வாந்தி என்றால் எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் முதலில் அடுப்பில் ஏறுவது நொய்க் கஞ்சிதான். வயிற்றுக்கு இதம், பச்சைக் குழந்தைக்கும் ஒத்துக்கொள்ளும் என்பார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது உண்மைதான். ஆனால் சில குழந்தைகளுக்கு வாந்தியைக் கொண்டுவருவதே அந்த அரிசி. என் மகள் அந்தச் சிலரில் ஒருத்தி.

அலர்ஜி என்றதும் நாம் நினைப்பது சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தடிப்பு, உதட்டு வீக்கம், மூச்சுத்திணறல். இது வேறு வகை. உணவில் இருக்கும் புரதம் குடலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகும் அலர்ஜி. மருத்துவர்கள் சுருக்கமாக எஃப்பைஸ் (FPIES) என்கிறார்கள். சாப்பிட்டு ஒன்றிலிருந்து நான்கு மணி நேரம் கழித்துத்தான் வாந்தி தொடங்கும். தொடங்கினால் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். குழந்தை வெளுத்துப்போய்த் துவண்டு கிடக்கும். பிறகு வயிற்றுப்போக்கும் வரலாம். தோலில் ஒரு தடிப்பு இருக்காது.

பத்து மணிக்குக் கஞ்சி குடித்த குழந்தை பன்னிரண்டரைக்கு வாந்தி எடுத்தால் கஞ்சியை யார் நினைப்பார்கள்? பல் முளைக்கிறது, சூடு, திருஷ்டி, நீ சாப்பிட்டது பாலில் இறங்கிவிட்டது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். கிளினிக்கில் குடல் தொற்று என்று டிரிப்ஸ் போடுவார்கள். டிரிப்ஸ் ஏறினால் குழந்தை தேறிவிடும். வீட்டுக்கு வந்ததும் வயிறு ஆறட்டும் என்று மறுபடி கஞ்சி. எங்கள் வீட்டிலும் இதே சுற்றுதான். கடைசியில் ஒரு குழந்தை மருத்துவர்தான் ஒவ்வொரு தடவையும் வாந்திக்கு முன்னால் என்ன கொடுத்தோம், எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்று கேட்டு எழுதினார். அந்தக் காகிதத்தில் அரிசி தனியாகத் தெரிந்தது.

தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் அலர்ஜிக்கான ரத்தப் பரிசோதனையும் இதைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்காது. அவை தேடுவது உடனடி அலர்ஜிக்குக் காரணமான ஐஜிஇ (IgE) என்ற எதிர்ப்புப் பொருளை. அதனால் "டெஸ்ட்ல ஒண்ணும் இல்லையே, அப்புறம் என்ன?" என்று வீட்டில் கேட்டால் தளர வேண்டாம். என் மாமியாருக்கும் நம்பிக்கை வரவில்லை. "அரிசி ஒத்துக்காதா? நாங்கல்லாம் எதைத் தின்னு வளர்ந்தோம்?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. ஆனால் பசும்பால், சோயா, ஓட்ஸ், முட்டை, மீன் வரிசையில் அரிசியும் இந்த நோயைத் தூண்டும் உணவுதான்.

இதனால்தான் நம் சத்துமாவு மேல் எனக்கு ஒரு வருத்தம். பத்துப் பன்னிரண்டு தானியம், பயறு, முந்திரி, பாதாம் எல்லாம் வறுத்து அரைத்து, ஆறு மாதக் குழந்தைக்கு முதல் உணவாக ஊட்டுகிறோம். ஒத்துக்கொண்டால் நல்லது. ஒத்துக்கொள்ளாவிட்டால் இத்தனையில் எது என்று எப்படிப் பிரிப்பது? ஏற்கெனவே ஒரு உணவு இப்படிச் செய்த குழந்தைக்குச் சத்துமாவு பிறகு வரட்டும். முதலில் ஒரே பொருள், ஒன்றிரண்டு ஸ்பூன், காலையில். மதியத்துக்குள் ஏதாவது ஆனால் மருத்துவரைப் பார்க்கப் பகல் இருக்கும். அதையே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நான்கைந்து நாள் கொடுத்த பிறகுதான் அடுத்தது. முதல் வாய்க்கு ஒன்றும் ஆகாமல் இரண்டாவது, மூன்றாவது தடவை வாந்தி வருவதும் உண்டு. நேரத்தோடு எழுதி வையுங்கள்.

பயந்து எல்லாவற்றையும் நிறுத்துவதும் தப்பு. ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலில் மட்டும் இரும்புச்சத்து போதாது. மென்று விழுங்கிப் பழகவும் வேண்டும். எங்களுக்குக் கேழ்வரகு கைகொடுத்தது. பருப்பு, பூசணி, பிறகு முட்டை என்று மருத்துவர் சொன்ன வரிசையில் போனோம். உங்கள் குழந்தைக்கு வரிசை வேறாக இருக்கும்.

அரிசியை விலக்குவது இந்த ஊரில் எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். இட்லி, இடியாப்பம், புட்டு, பொரி, கோயில் பொங்கல் எல்லாமே அரிசி. ஆடி மாதம் தெருவுக்குத் தெரு ஊற்றும் கூழைக் கேழ்வரகு என்று நம்பி வாங்கினால் அதில் நொய் கிடக்கும். கடையில் அரிசி சேர்த்த ஓ.ஆர்.எஸ் கூட உண்டு, பாக்கெட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள். எதிர்வீட்டு அக்கா பாசத்தில் ஒரு முறுக்கை ஒடித்துக் கையில் கொடுப்பார். அவரைக் கோபித்துப் பயனில்லை, ஆனால் பக்கத்திலிருக்கும் ஒவ்வொருவருக்கும் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

அலர்ஜி சிரப் இந்த வாந்தியை நிறுத்தாது. குழந்தைக்குத் தேவை நீர்ச்சத்து. துவண்டுவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. போகும்போது, "இது தொற்று மாதிரி தெரியும், ஆனால் எஃப்பைஸ்" என்று மருத்துவர் எழுதித் தந்த கடிதம் கையில் இருக்கட்டும். பணியில் இருக்கும் டாக்டருக்கு அது பெரிய உதவி.

பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் இது விலகிவிடும். விலகிவிட்டதா என்பதை மருத்துவமனையில், மருத்துவர் பக்கத்தில் இருக்க, அளந்து கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். பாட்டி வீட்டில், பண்டிகை நாளில், "இப்பதான் வளர்ந்துட்டாளே, ஒரு வாய் கொடுத்துப் பார்க்கலாம்" என்று யாரும் ஊட்டிப் பார்க்கக் கூடாது.